மருத்துவர் பதில்: 200 மில்லிக்யூரி ஊசியில் சிறுநீரகத்துக்குப் போவது எத்தனை கிரே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, எடை 48 கிலோ. சிறுகுடலில் தொடங்கி கல்லீரலுக்குப் பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் கட்டி). சென்னையில் லூட்டீசியம் என்ற கதிரியக்க மருந்தை நான்கு முறை ஊசியாகப் போடவிருக்கிறார்கள். முதல் ஊசி அடுத்த வாரம். எல்லோருக்கும் ஒரே 200 மில்லிக்யூரிதான் என்கிறார்கள். மெலிந்த உடம்புக்கு அது அதிகமில்லையா? கிரியேட்டினின் 1.1, நார்மல். ஊசி போட்ட மறுநாள் ஒரு ஸ்கேன், நான்காம் நாள் இன்னொன்று என்கிறார்கள். அறுவடை நேரத்தில் அவ்வளவு அலைய முடியாது. ஸ்கேனை விட்டுவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: விடாதீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடையே அந்த நான்காம் நாள் ஸ்கேனில்தான் இருக்கிறது.

200 மில்லிக்யூரி, அதாவது 7.4 கிகாபெக்கரல் என்பது ஊசிக்குள் இருக்கும் கதிரியக்கம்: நொடிக்கு 740 கோடி அணுச்சிதைவுகள். உறுப்பு வாங்கும் டோஸை கிரே என்ற அலகில் சொல்வோம். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, உங்கள் வயலில் எவ்வளவு தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது வேறு கணக்கு. முன்னது எல்லோருக்கும் ஒன்று. பின்னது ஆளுக்கு ஆள் மாறும்.

இந்தச் சிகிச்சையில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது சிறுநீரகத்தைப் பற்றித்தான். மருந்து அங்கே வடிகட்டப்படும்போது ஒரு பங்கு நுண்குழாய்களில் தங்கிவிடுகிறது. லூட்டீசியம்-177இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள், சுமார் 160 மணி நேரம். ஆனால் சிறுநீரகம் தானாகவும் மருந்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், இரண்டும் சேர்ந்து அங்குள்ள கதிரியக்கம் பாதியாக ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். இந்த 50தான் ஆளுக்கு ஆள் 40 என்றோ 60 என்றோ மாறுவது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊசியில் 3 சதவிகிதம் இரு சிறுநீரகங்களிலும் சேர்ந்தது என்று வையுங்கள்: நொடிக்கு 22.2 கோடி சிதைவுகள். இது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போவதால், மொத்தத்தைக் கூட்ட அரை ஆயுளான 50 மணியை 1.443ஆல் பெருக்க வேண்டும். சுமார் 72 மணி, அதாவது 2.6 லட்சம் நொடி. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் 57.7 லட்சம் கோடி சிதைவுகள். ஒவ்வொரு சிதைவிலும் எலக்ட்ரான்கள் விட்டுச்செல்லும் சராசரி ஆற்றல் 147 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அவை திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர்தான் போகும் என்பதால் அநேகமாக எல்லாமே அங்கேயே இறங்கிவிடும். கூட்டினால் 1.36 ஜூல்.

இதைச் சிறுநீரகத்தின் எடையால் வகுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். டோஸ் கணக்கிடும் மென்பொருளில் ஆயத்தமாக வரும் மாதிரி ஆண் உருவத்துக்கு இரு சிறுநீரகங்களும் சேர்ந்து 310 கிராம். அந்த எடையை வைத்தால் ஓர் ஊசிக்கு 4.4 கிரே, நான்குக்கு 17.6. அப்பாவின் சிறுநீரகங்கள் சி.டி.யில் அளந்தால் 220 கிராம்தான் என்று வந்தால், அதே ஊசி 6.2 கிரே ஆகிவிடும், நான்குக்கு 24.7. நாங்கள் பொதுவாக வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லை 23 கிரே. அந்த எல்லை வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையிலிருந்து வந்தது. லூட்டீசியம் மெதுவாக, நாட்கணக்கில் கொடுப்பதால் சற்றுக் கூடுதலாகவும் தாங்கக்கூடும். ஆனால் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவருக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன். 'சிறுநீரகத்தின் எடையை அப்பாவின் சி.டி.யிலிருந்தே எடுத்தீர்களா?' என்று கேளுங்கள். நியாயமான கேள்வி, யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கிரியேட்டினின் 1.1 என்பதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். தசை குறைந்தவருக்கு அது எப்போதும் நல்லதாகவே தெரியும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அப்பாவின் சிறுநீரக வடிதிறன் நிமிடத்துக்கு 48 மில்லிலிட்டர் அளவில்தான் வருகிறது. முதல் ஊசிக்கு முன்பே டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்து உண்மையான வடிதிறனை அளந்துவிடச் சொல்லுங்கள்.

இனி அந்த நான்காம் நாள். மறுநாள் ஸ்கேன், மருந்து எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லும். எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று சொல்லாது. நான்காம் நாள் எடுத்த படத்தில், சிறுநீரகத்தின் அரை ஆயுள் 40 மணியோ 60 மணியோ, கணக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் பிசகாது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நான்காம் நாளை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் படத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஊசிக்கு முழுக் கணக்கும் போட்டுவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளுக்கு ஸ்கேனைக் குறைப்பது பல இடங்களில் வழக்கம்.

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உடம்பிலிருந்து வரும் கதிரைப் படமெடுக்கும் காமா கேமரா இருந்தால் மட்டும் போதாது. நடுத்தர ஆற்றலுக்கான காலிமேட்டர் (நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடும் துளைத்தட்டு) வேண்டும், தெரிந்த அளவு லூட்டீசியத்தை வைத்து அந்தக் கேமராவை அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வரும், எண் வராது. தட்டையான படமும் போதாது, குடலும் கல்லீரல் கட்டியும் சிறுநீரகத்தின் மேல் விழுந்து அளவைக் கூட்டிக் காட்டும். முப்பரிமாணப் படம் தரும் ஸ்பெக்ட் சி.டி.தான் வேண்டும்.

கணக்கு கெடும் வேறு சில இடங்களும் உண்டு. ஊசிக்குழாயை மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, மிச்சத்தைக் கழிக்க வேண்டும். ரத்தக்குழாய்க்கு வெளியே மருந்து கசிந்தால் மொத்தக் கணக்கும் தப்பு; கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அப்பா உடனே சொல்லட்டும். கட்டியின் ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாதாந்தர ஆக்ட்ரியோடைட் ஊசி போடுகிறவர் என்றால் கடைசி ஊசிக்கும் இதற்கும் 4 வாரம் இடைவெளி வேண்டும். தேதியை இன்றே பாருங்கள்.

லூட்டீசியம் ஊசி போடும் அன்று லைசின் 25 கிராம், ஆர்ஜினின் 25 கிராம் கலந்த அமினோ அமிலம் 4 மணி நேரம் ட்ரிப்ஸில் ஏறும். லூட்டீசியத்துக்கு அரை மணி முன்பே அதைத் தொடங்க வேண்டும். சிறுநீரகம் மருந்தைப் பிடித்துக்கொள்வதை அது கணிசமாகக் குறைக்கும். குமட்டினால் வாந்தி மருந்து தருவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வயல்வேலை செய்து மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அப்பாவுக்கு அது கூடவே கூடாது, நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம். இதயக் கோளாறு இல்லையென்றால் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். முதல் சில நாட்கள் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பேரப் பிள்ளைகளிடமிருந்து எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பதை மருத்துவமனையில் எழுதித் தருவார்கள், அதன்படி நடக்கட்டும்.

எலும்பு மஜ்ஜைக்கு எல்லை மொத்தம் 2 கிரே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கிரியேட்டினினையும் மன்னார்குடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான்காம் வாரத்திலிருந்து தட்டணு இறங்கும் காலம், அப்போது பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் எத்தனை மில்லிக்யூரி என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, ஸ்கேன் முடிந்தபின் சிறுநீரகத்துக்கு எத்தனை கிரே என்பதையும் எழுதி வாங்குங்கள்.