5ஜி பிராட்காஸ்ட் அமர்வின் டிஎம்ஜிஐ பொருந்தாதது குறித்து

வணக்கம். சேவை அறிவிப்பில் வந்த டிஎம்ஜிஐ (அமர்வை அடையாளப்படுத்தும் எண்) ஆறு பைட்டாக இருக்க, எம்சிசிஎச் (பிராட்காஸ்ட் அமர்வுகளின் விவரங்களை அறிவிக்கும் கட்டுப்பாட்டு சேனல்) பதிவில் மூன்று பைட்டும் 1 என்ற எண்ணும் மட்டுமே தெரிவதால், பிராட்காஸ்ட் அமர்வை அடையாளம் காண முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே அமர்வாகவே இருக்கக்கூடும். அந்த மூன்று பைட்டுகள் சேவை எண். 1 என்பதோ, செல் தன் அடிப்படை விவரங்களைத் தரும் எஸ்ஐபி1 செய்தியில் அறிவிக்கும் நெட்வொர்க் பட்டியலில் முதல் இடத்தைச் சுட்டும் வரிசை எண். எனவே அந்த இடத்திலுள்ள நாட்டுக் குறியீட்டையும் நெட்வொர்க் குறியீட்டையும் எடுத்துச் சேவை எண்ணுடன் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள். சோதனை நெட்வொர்க்குகளில் வழங்கும் 001-01 (நாட்டுக் குறியீடு 001, நெட்வொர்க் குறியீடு 01), பைட்டுகளில் 00 எஃப்1 10 என்று இலக்கங்கள் இடம் மாறி நிற்கும் என்பதையும் கவனியுங்கள். ஜி-ஆர்என்டிஐயை (குழுவுக்கான தரவைக் குறிக்க ரேடியோ நெட்வொர்க் தரும் தற்காலிக எண்) நம்ப வேண்டாம், அது செல்லுக்குச் செல் மாறலாம். ஐபி மல்டிகாஸ்ட் முகவரியைக் கொண்டு அடையாளம் காண்பது மல்டிகாஸ்ட் அமர்வுக்கு (சேர்ந்த பயனர்களுக்கு மட்டும் அனுப்புவது) மட்டுமே பொருந்தும்.