அம்மாவின் கால் தளர்ச்சிக்கு அமினோ அமிலப் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, எடை 48 கிலோ. பல வருடமாகச் சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார், பால், தயிர் உண்டு. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இந்த ஒரு வருடத்தில் மெலிந்துவிட்டார், படி ஏறினால் கால் தளர்கிறது. ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன், "அத்தை, பாட்டிக்கு பிசிஏஏ வாங்கிக் கொடுங்க, அமினோ அமிலம், தசைக்கு நல்லது" என்கிறான். ஒரு டப்பா 130 வெள்ளி. வாங்கலாமா? அம்மா காலையில் தேங்காய்ச் சட்னியோடு இரண்டு தோசை பசியாறுவார். மதியம் சோறு, சாம்பார், ஒரு காய், ரசம். இரவில் நாலு பிஸ்கட், ஒரு தே. அவ்வளவுதான்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. தசைக்கு அமினோ அமிலம் வேண்டும். ஆனால் அந்த டப்பாவில் இருப்பது அதில் ஒரு பங்குதான்.

நம் உடம்பு புரதம் கட்டுவதற்கு 20 வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றில் 9 வகையை உடம்பால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். (பழைய பாடநூல்களில் எட்டு என்று படித்தவர்கள் குழம்ப வேண்டாம். ஹிஸ்டிடின் பெரியவர்களுக்கும் கட்டாயம் என்பது பிற்பாடுதான் உறுதியானது.) பிசிஏஏ என்பது அந்த ஒன்பதில் மூன்று மட்டும்: லியூசின், ஐசோலியூசின், வேலின். இதில் லியூசினுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 'தசை கட்டும் வேலையைத் தொடங்கு' என்று செல்லுக்குச் சைகை கொடுப்பது அதுதான். சைகை கிடைத்தாலும் மற்ற ஆறும் கையிருப்பில் இல்லாவிட்டால் வேலை நடக்காது. பூக்கடையில் மல்லிகை கூடை கூடையாகக் குவிந்திருந்தாலும் நார் தீர்ந்துபோனால் மாலை அங்கேயே நின்றுவிடும் அல்லவா, அதுபோல. மிஞ்சிய அமினோ அமிலத்தை உடம்பு பிறகு வேண்டுமென்று எடுத்து வைப்பதும் கிடையாது. கல்லீரல் அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கும், சிறுநீரகம் அதை வெளியேற்றும்.

இனி அம்மாவின் தட்டுக்கு வருவோம். இரண்டு தோசையில் 6 கிராம் புரதம் இருக்கலாம். சோற்றில் இன்னொரு 6. தண்ணீராக ஓடும் சாம்பார், காய் எல்லாம் சேர்த்து 6, 7. பிஸ்கட்டும் தேயும் மூன்று, நான்கு. கூட்டிப் பார்த்தால் 25 கிராமைத் தாண்டுவதே சிரமம். சிறுநீரகம் நன்றாக உள்ள முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது இன்றைய பரிந்துரை. அம்மாவின் எடைக்கு 48 முதல் 58 கிராம். ஆக, அவர் சாப்பிடுவது தேவையில் பாதி. பிசிஏஏவில் ஒரு கரண்டி 5 கிராம் போட்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

தேயைப் பற்றி ஒரு வார்த்தை. 'பால் குடிக்கிறார்களே' என்று பல வீடுகளில் சொல்வார்கள். டின்னில் வரும் இனிப்பு கிரீமரைத்தான் பால் என்கிறார்கள். அதில் பெரும்பாலும் சர்க்கரையும் பனை எண்ணெயும்தான், புரதம் சொற்பம். இனிப்புநீர்க்காரருக்கு அது இரட்டை நஷ்டம்.

சைவத்தில் ஒன்பதும் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துவது தவறு. அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் தாராளம். இன்னொன்றான மெத்தியோனின் பருப்பில் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். இட்லி, தோசை மாவில் நம் பாட்டிமார் உளுந்து சேர்த்ததில் அந்தக் கணக்கும் தானாக அமைந்துவிட்டது. இரண்டும் ஒரே வேளையில் சேரவேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். சோயாவில் ஒன்பதும் தேவையான அளவில் உண்டு, அதனால்தான் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயை நான் விடாமல் சிபாரிசு செய்கிறேன். பசாரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அது 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் தரும், லியூசினும் ஒன்றரை கிராம் அளவுக்கு இருக்கும். சைவக் கடைகளில் விற்கும் 'சைவ ஆட்டிறைச்சி'யை மட்டும் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சோயாவில் செய்தது பரவாயில்லை. கோதுமைக் குளூட்டனில் செய்தது லைசினில் ஏழை, உப்பும் தூக்கலாக இருக்கும்.

வயதானவர் தசை லியூசினின் சைகைக்கு மெதுவாகத்தான் அசையும். அதனால் மதியம் மட்டும் கொட்டிக் கொடுக்காமல் மூன்று வேளைக்கும் புரதத்தைப் பிரித்துக் கொடுங்கள். தோசை இருக்கட்டும், சட்னிக்குப் பதில் கெட்டிப் பருப்புச் சாம்பார், கூடவே சர்க்கரை போடாத ஒரு கிளாஸ் பால் (அதில் 8 கிராம்). வாரத்தில் சில நாள் பாசிப்பயறு அடை. மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, தெம்பேயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, குறைந்த எண்ணெயில் வறுத்து, மிளகுப் பொடியோடு பிரட்டி வையுங்கள். பல்லுக்கு மெதுவாக வேண்டுமென்றால் முதலில் ஆவியில் வேகவையுங்கள். பிஸ்கட் வேளைதான் எனக்குப் பெரிய கவலை. அந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலோ, தவ்ஃபூ பொரியலோ, கொஞ்சம் தயிரோ வரட்டும்.

ஆனால் இதையெல்லாம் தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். காரணமில்லாமல் எடை குறைவது சாப்பாட்டுக் குறைவால் மட்டும்தான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. இரத்தச் சர்க்கரை கட்டுக்கு மீறினாலும், தைராய்டு கெட்டாலும், இன்னும் வேறு நோய்களிலும் உடம்பு இளைக்கும். அடுத்து வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு இது குறையலாம், சைவத்திலோ இதன் வரவே கொஞ்சம். அம்மாவிடம் இரண்டும் சேர்ந்திருக்கிறது. பாதம் மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் பி12 குறைவாலும் வரும், அதற்கு எந்த அமினோ அமிலமும் மருந்தாகாது. பரிசோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது சிறுநீரகம். இனிப்புநீர் நெடுநாள் இருந்தால் அது பழுதாவதுண்டு. கிரியேட்டினின் சோதனையும் சிறுநீரில் அல்புமின் சோதனையும் செய்து பார்க்கவேண்டும். பழுது இருந்தால் புரதக் கணக்கே மாறும். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்துவார்கள், மிகவும் மெலிந்த முதியவர் என்றால் டாக்டர் அதைவிடக் கூடுதலாகவும் அனுமதிக்கலாம். அங்கே நான் மேலே சொன்ன தட்டும் செல்லாது.

பிசிஏஏவுக்கு மருத்துவத்தில் இடமே இல்லையா? உண்டு. கல்லீரல் சுருங்கிய நோயாளிகளில் சிலருக்கு டாக்டர்களே கொடுக்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களோ இதில் கவனமாக இருக்கவேண்டும். குடலில் உறிஞ்சப்படும்போது லியூசின் போன்றவை அந்த மருந்தோடு போட்டி போடும். கொலாஜன் பானம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். கொலாஜனில் அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபான் கிடையாது, தசைக்கு அதை நம்பாதீர்கள். அது மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது, அம்மாவின் விரதத்துக்கும் ஒத்துவராது.

சாப்பாட்டோடு தசைக்கு வேலையும் வேண்டும். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், முடிந்த அளவு, தினம் இரண்டு தடவை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

அரசாங்க கிளினிக்கில் டயட்டிஷியனைப் பார்க்க டாக்டரிடம் கடிதம் கேட்கலாம். போகும்போது அம்மா மூன்று நாள் சாப்பிட்டதை, தே பிஸ்கட் உட்பட, எழுதி எடுத்துப்போங்கள். மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். அண்ணன் மகன் காட்டிய டப்பாவின் லேபிளைப் போனில் படம் பிடித்து வைத்தால் அதையும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.