இறக்குமதி வரியைக் கூட்டினால் உள்நாட்டு வேலைகள் பெருகாதா?

பெருகும், கொஞ்சம். கொடுக்கும் விலைதான் பிரச்சினை.

2018 தொடக்கத்தில் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்குக் கூடுதல் வரி போட்டது: ஆண்டின் முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதைத் தாண்டினால் 50. விலை ஏறக்குறைய 12 சதவீதம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், வரியே இல்லாத துணி உலர்த்தியின் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம்; விற்பவர்கள் உயர்வை இரண்டின் தலையிலும் பிரித்துக் கட்டினார்கள். ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, புதிதாகக் கிடைத்த வேலை சுமார் 1,800. அரசுக்கு வந்த வரியைக் கழித்த பிறகும் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் நுகர்வோர் கையை விட்டுப் போனது.

எஃகு போன்ற மூலப்பொருளுக்கு வரி போடுவது இன்னும் மோசம். எஃகு ஆலைகளைவிட எஃகை வாங்கிப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளில்தான் ஆட்கள் அதிகம். அவற்றின் செலவு ஏறி ஏற்றுமதி அடிபடும். போதாக்குறைக்கு எதிர்நாடும் பதில் வரி போடும். அதே 2018-இல் சீனா போட்ட 25 சதவீத வரியில் மாட்டிக்கொண்டது அமெரிக்க சோயா விவசாயி.

தடையற்ற வணிகத்தில் யாருக்கும் அடி விழாது என்பதும் பொய். லாபம் எல்லோருக்கும் சிறு சிறு துளியாகப் போகும், நட்டமோ ஆலை மூடிய ஊரில் மொத்தமாக இறங்கும். அந்த ஊரில் வேலை இழந்தவர்களுக்கு வருமான உதவியும் மறுபயிற்சியும் நேரடியாகத் தருவது வரியைவிட மலிவு. வரி தவிர்க்கவே முடியாதென்றால், முடிவுத் தேதியை முதல் நாளே சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.