கல்யாணப் புடவையை நடன உடைக்கு வெட்டலாமா?

"என் கல்யாணக் காஞ்சிபுரம் பட்டு பதினெட்டு வருடமாக பீரோவில் கிடக்கிறது. பெண்ணுக்கு 13 வயது, எட்டு மாதத்தில் அரங்கேற்றம். அதை வெட்டி பரதநாட்டிய உடை தைக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தைக்கலாம். ஆனால் கத்தரி வைப்பதற்கு முன் பட்டு இற்றுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த புடவை அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். முழுதாக விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோட்டின் இரு பக்கமும் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விலகினால் அந்த இடம் ஆகாது. கரையும் உடலும் சேரும் கோர்வை, முந்தி சேரும் இடம் இரண்டையும் இப்படியே பாருங்கள். ஓரிரு இடம் என்றால் ஒதுக்கி வெட்டலாம். மடிப்புக்கு மடிப்பு விட்டிருந்தால் புடவையை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், ஆடும்போது தேய்மானம் முழுவதும் விசிறிக்குத்தான், அதாவது கால்களுக்கு நடுவே வரும் மடிப்புத் துணிக்கு. முழங்காலை வளைத்துப் பாதி உட்காரும் ஒவ்வொரு அரைமண்டியிலும் விரிந்து மூடுவது அதுதான். முந்தியை விசிறிக்கு எடுப்பது வழக்கம், ஜரிகையின் விறைப்பில் மடிப்பு கலையாமல் நிற்கும். கல்யாணப் புடவையின் முந்தி சில சமயம் தேவைக்கு மேல் கனக்கும். அப்போது மடிப்புகளைக் குறைக்கச் சொல்லுங்கள். பாவம், இடுப்பில் சுமையோடு ஆட வேண்டியது குழந்தைதான்.

அளவு இப்போதே கொடுக்காதீர்கள். வளரும் வயது, எட்டு மாதத்தில் எல்லாம் மாறிவிடும். கடைசி இரண்டு மாதம் தையலுக்குப் போதும். நிற்க வைத்து மட்டும் அளக்கும் தையல்காரரிடம் ஜாக்கிரதை: அரைமண்டியிலும், முழுதாக உட்காரும் முழுமண்டியிலும் தொடை, முழங்கால், கவட்டை அளவு எடுக்க வேண்டும். உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு, இடுப்புக்கு நாடா வைத்தால் அடுத்த வருடமும் போடலாம். லைனிங் பருத்திதான். அதை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் வியர்வையிலேயே சுருங்கிப் பட்டை இழுக்கும்.

வெட்ட மனசு வரவில்லையா? தைத்த உடை ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமில்லை. பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் ஆடியவர்கள் பைஜாமா போன்ற ஒன்றின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டினார்கள். 1935-இல் அடையாறில் மேடையேறிய, பிறகு கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவிதான், மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணியின் உதவியோடு உடையைப் புதிதாக வடிவமைத்தார். இன்று அதுவே மரபாகிவிட்டது. புடவையைக் கட்டி ஆடுவதற்கு உங்கள் குரு சம்மதித்தால் கத்தரிக்கே வேலையில்லை.

இனிமேல் கலப்புப் பட்டும் வாடகை உடையும்தான் கூடும் என்று தோன்றுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, அரங்கேற்றத்தின் நடுவில் மாற்றும் இரண்டாவது உடைக்கு லேசான கலப்புப் பட்டே போதும். நிறத்தை மட்டும் மேடை விளக்கில் பாருங்கள்: அரக்குச் சிவப்பு நீல விளக்கில் கறுப்பாகத் தெரியும்.

அப்புறம், ஆடி முடித்ததும் உடையைப் பையில் திணிக்காதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்தி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஜரிகைமேல் சென்ட் வேண்டவே வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றிப் போடுங்கள்.