60 பிள்ளைகள் படிக்கும் சின்னக் கிறிஸ்தவப் பள்ளியில் வாரம் முழுவதும் என்னதான் நடக்கும்? பாடம் நடத்துவார்களா, ஜெபம்தானா?

கேள்வியின் வாலில் அந்த "ஜெபம்தானா?" இல்லாமல் இருந்திருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு நிலம்) ஓரத்து ஊர் ஒன்றில், இப்படியொரு சின்னப் பள்ளியில் 1991 முதல் 2019 வரை வேலை பார்த்தவள் நான். அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். பெரிய டீச்சர், சின்ன டீச்சர் என்பதுதான் எங்களுக்கு ஊர் வைத்த பெயர். சின்ன டீச்சராகப் போய்ச் சேர்ந்து பெரிய டீச்சராக வெளியே வந்தேன்.

நீங்கள் மாற்றலாகி அந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள், மகளுக்கு ஐந்து வயது முடிந்திருக்கும், பக்கத்து வீட்டில் யாரோ எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறள், செய்தி வாசிப்பு, கூடவே ஐந்து நிமிடம் ஜெபம். வாரத்துக்கு 25 நிமிடம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முதல் அரைமணி நேரம் வேதபாடம். அது 90 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு தட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பது ஒரு நிமிடம். (ஒரு கண் முட்டை மேல்தான் இருக்கும்.) எல்லாம் கூட்டினால் 120 நிமிடம். வாரத்துக்கு இரண்டே மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அரசு அச்சடித்துக் கொடுத்த அதே பாடநூல், அதே பயிற்சி, அதே பதிவேடு. எங்கள் பள்ளிக் கணக்கு இது. உங்கள் ஊர்ப் பள்ளியில் பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

வாரம் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை நகமும் தலையும் பார்க்கும் நாள். பேன் விஷயத்தில் மதபேதமே கிடையாது. செவ்வாய்க்கிழமை சத்துணவில் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ வரும் என்பதால் அன்றைக்கு வருகை கூடும். ஆனால் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா, வருகிற செவ்வாய் என்றால் பள்ளி காலி. வில்லுப்பாட்டுக் கேட்கப் போனதில் விடிய விடிய விழித்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் அந்தக் காலியில் சேர்த்தி. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு, கடைசி வகுப்பு கைவேலை. எங்கள் ஊர்த் தாய்மார் பாதிப்பேர் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள், ஆகவே பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்க எதுவும் இருக்காது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஓலையில் சிலுவை செய்யச் சொன்னால், சிலுவையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி ஓலையில் கிளியும் மீனும் கிலுக்கும் செய்துகொண்டு இருப்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

படிப்பு நடப்பதைப் பார்த்தால் வெளியாள் மிரண்டுபோவார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் பெரிய அறையில் ஒரு டீச்சரிடம். நான்கும் ஐந்தும் மற்றவரிடம். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். செயல்வழிக் கற்றல் வந்த வருடங்களில் பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம். சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, அவரவர்க்கு ஒரு கட்டம். வருகையைப் பிள்ளைகளே குறித்துக்கொள்வார்கள், காலநிலை அட்டையையும் அவர்களே மாட்டுவார்கள். தேரிக்காட்டில் "வெயில்" அட்டை ஒரே வருடத்தில் கிழிந்துபோனது. "மழை" அட்டை நான் ஓய்வு பெறும்போதும் புதிதாகவே இருந்தது. அந்த முறை பற்றிப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்னும் பள்ளிக்கு அது பாதகமில்லை.

இனி வேதபாடம். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. 28(3) என்று அரசியலமைப்பில் ஒரு பிரிவு உண்டு. அரசு உதவிபெறும் கல்வி நிலையத்தில் படிப்பவர் சம்மதமில்லாமல், சிறுபிள்ளை என்றால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதமில்லாமல், சமய போதனையில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால் அந்த அரைமணி நேரத்துக்குப் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்போம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அறைக்குள் வேதபாடம், மற்றவர்களுக்கு வேப்பமரத்தடியில் நன்னெறி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதபாடத்தில் மனப்பாட வசனம் ஒப்பிக்க வேண்டும், மறந்தால் நிற்க வேண்டும். நன்னெறியில் சின்ன டீச்சர் காக்கா, நரி, ராஜா என்று கதை சொல்வார். அறைக்குள் இருக்கிற பிள்ளைகளின் கண்ணெல்லாம் ஜன்னல் வழியே மரத்தடியில் இருக்கும். "டீச்சர், நானும் நன்னெறிக்கு மாறிக்கொள்ளட்டுமா?" என்று சபை ஊழியரான உபதேசியார் மகனே என்னிடம் கேட்டிருக்கிறான்.

எதிர்த் திசையில் மாற வந்தவன் ஒருவன்தான். 2009-10 கல்வியாண்டு, மூன்றாம் வகுப்பு. அவன் அப்பா செம்மறி மேய்ப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிற குடும்பம். அந்த வாரம் நான் நடத்தியது நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போகிற உவமை. தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு, காணாமல் போனதைத் தேடிப் போகிறான் மேய்ப்பன். பாட்டுப்போல அதைச் சொல்லிக்கொண்டு போகிறேன், ஜன்னல் கம்பியில் ஒரு முகம். மரத்தடியிலிருந்து எழுந்து வந்து நிற்கிறான்.

"தொண்ணூற்றொன்பதை யாரிடம் விட்டுவிட்டுப் போனார் டீச்சர்?"

பதினெட்டு வருடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. இயேசு அதைச் சொல்லவில்லை என்றேன். அவன் விடவில்லை. "துணைக்கு ஓர் ஆள் கிடையில் இருந்திருப்பார். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது பாதிதான் இருக்கும்" என்றான். பிறகு, செம்மறி தனியாகப் போகாது, ஒன்று திரும்பினால் பின்னாலேயே பத்துப் போகும், தனியாகப் போனது வெள்ளாடாகத்தான் இருக்கும் என்றும் சொன்னான். வகுப்பு முழுக்க என் வாயைப் பார்க்கிறது. நான் கரும்பலகையில் 100 − 1 என்று எழுதிப்போட்டுத் தப்பித்தேன்.

இந்தப் பையனுக்குப் பலகையில் கழித்தல் வராது. கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால் எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டு நிற்பான். ஆனால் சாயங்காலம் கிடை வாசலில் அவன் ஆடு எண்ணுவதை ஒரு நாள் வழியில் நின்று பார்த்தேன். இரண்டிரண்டாகத் தாண்டவிட்டு, விரல் மடக்கி, ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுகிறான். மறுநாள் இரண்டாம் வாய்பாட்டுக்கு அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளையே ஆடாக்கி வாசலில் இரண்டிரண்டாகத் தாண்டவிட்டேன். அன்றைக்குப் பக்கத்து அறையில் ஒரு பாடமும் நடந்திருக்காது, அவ்வளவு சத்தம்.

அடுத்த வாரம் வேதபாடத்தில் உட்கார வேண்டும் என்று வந்து நின்றான். அப்பாவிடம் கடிதம் வாங்கி வா என்று சொல்லிவிட்டேன். அவர் நேரிலேயே வந்தார். "சாமி கதைதானே டீச்சர், கேட்டுவிட்டுப் போகட்டும்" என்றார். வாயால் சொன்னால் போதாது என்று எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தேன். இந்த இடத்தில் சிலர், "பார்த்தீர்களா, இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று கீழே எழுதுவார்கள், தெரியும். பொறுங்கள், முடிவையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அந்த வருடம் திருமண்டலம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நிர்வாகம்) நடத்திய வேதபாடத் தேர்வில் எங்கள் பள்ளியில் அவன்தான் முதல். பரிசு எவர்சில்வர் டிபன் டப்பா. புகார் வந்தது. நீங்கள் நினைக்கிற பக்கத்திலிருந்து இல்லை, எங்கள் சபைக்குள்ளிருந்தே. பெரியவர் ஒருவர், நம் பிள்ளைகள் இருக்கும்போது அந்தப் பையனுக்கு எப்படிக் கோயிலில் வைத்துப் பரிசு கொடுப்பது என்று கேட்டார். (எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) எங்கள் சபைப் போதகரான சேகரகுரு இரண்டு டப்பா வாங்கி, ஒன்றை இரண்டாவது வந்த பிள்ளைக்குக் கொடுத்துச் சமாளித்தார். அது ஆறுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து மொட்டைக் கடுதாசி. கட்டாயப்படுத்திப் பைபிள் படிக்க வைக்கிறார்களாம். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வந்தார், கோப்பைப் பார்த்தார், பையனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டார். "ஆட்டைப் பற்றிச் சொன்னார்கள் சார், கொஞ்சம் தப்பாகச் சொன்னார்கள்" என்றான். அவர் சிரித்துவிட்டு, சத்துணவைச் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவன் யாராகவும் மாறவில்லை. அவர்கள் குலதெய்வக் கோயில் கொடைக்கு வருடா வருடம் இன்றைக்கும் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாக் கிறிஸ்தவப் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. பிரித்து உட்கார வைக்காத பள்ளிகளும் இருக்கலாம். அங்கே நீங்கள் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் எரிச்சல் எங்கே தெரியுமா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1820இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்தில் ஊர் ஊராகச் சபையும் பள்ளியும் சேர்ந்தே எழுந்தன. பல ஊர்களில் வாரநாளில் பிள்ளைகள் படித்த கூரையின் கீழேதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எங்கள் பள்ளிக் கட்டடமும் அப்படி இருந்ததுதான். அந்தப் பெருமையை ஆண்டுவிழா மேடையில் அரைமணி நேரம் பேசுவார்கள். பேசி இறங்கியவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் மறுநாள் காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் ஏறி டவுனில் இருக்கிற ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் படித்த 44 பேரில் சபைப் பிள்ளைகள் ஒன்பது பேர். மற்ற முப்பத்தைந்து பேரையும் நம்பி அனுப்பியவர்கள் பனையேறுகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் உப்பளத்துக்குப் போகிறவர்களும். பரிசு யாருக்கு என்று கேட்ட பெரியவர் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட எங்கள் வாசலை மிதித்ததில்லை.

இன்னொன்று. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கியது, அரசுப் பள்ளிகளுக்கு. ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்தது 2024 ஜூலை 15இல். இடைப்பட்ட நாளில் எங்கள் தெருமுனை அரசுப் பள்ளியில் பொங்கல் மணக்கும்போது இங்கே பிள்ளைகள் வெறும் வயிற்றில் உறுதிமொழி எடுத்தார்கள் என்று இப்போதைய பெரிய டீச்சர் போனில் சொல்வார். நாலு குடும்பம் அங்கே மாற்றிவிட்டது. நான் என் பிள்ளையாக இருந்தாலும் மாற்றியிருப்பேன்.

சரி, உங்கள் மகள் விஷயம். செவ்வாயோ புதனோ காலை ஒன்பதரை மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பிள்ளைகளைப் பிரிக்கிறார்களா, சம்மதக் கடிதம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகத்தில் நடத்தாத பாடத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். டைல்ஸ், கம்ப்யூட்டர், சுவரில் தீட்டிய படம் இவற்றைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

சேர்ப்பதென்றால் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன்பு சேர்த்துவிடுங்கள். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடுவார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு டீச்சர், அறுபத்தொன்று ஆகிவிட்டால் மூன்று. கோப்பு எத்தனை மேசை தாண்டி வரும் என்பது வேறு கதை. ஆனால் நீங்கள் சொல்லும் பள்ளியில் இப்போது அறுபது பேர் இருக்கிறார்கள்.