ஓடும் விளக்கு ஏன் ஓடவில்லை?

கேள்வி: 8051 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் எட்டு எல்இடிகளை வரிசையாக ஓடவிட அசெம்பிளி மொழியில் நிரல் எழுதினேன். எட்டுமே மங்கலாக எரிந்துகொண்டே இருக்கின்றன. சிமுலேட்டரில் ஒவ்வொரு படியாக ஓட்டினால் சரியாக வருகிறது. தப்பு எங்கே?

பதில்: உங்கள் நிரலில் தப்பில்லை, வேகம்தான் அதிகம். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு மெஷின் சைக்கிள், அதாவது கட்டளைகளின் நேரத்தை அளக்கும் அலகு, 1 மைக்ரோ செகண்ட். எல்இடிகள் இணைந்த போர்ட்டில் எழுத 1 சைக்கிள், ஆர்எல் கட்டளையால் பிட்டை நகர்த்த 1, எஸ்ஜம்ப் கட்டளையால் தொடக்கத்துக்குத் திரும்பிப் போக 2, ஆக ஒரு விளக்குக்கு 4 மைக்ரோ செகண்ட்தான் கிடைக்கிறது, எட்டையும் சுற்றிவர 32. நொடிக்கு 30 ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றுவதைக் கண் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

நடுவில் ஒரு டிலே, அதாவது சும்மா காத்திருக்கும் பகுதி, போடுங்கள். ஆர்7, ஆர்6 என்ற ரிஜிஸ்டர்களில் (சிப்புக்குள் எண் வைக்கும் இடங்கள்) தலா 250 வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டிஜேஎன்இசட் (ஒன்றைக் குறைத்து, பூஜ்யம் ஆகும்வரை திரும்பிப் போகும் கட்டளை) சுழல்கள். அந்தக் கட்டளைக்கு 2 சைக்கிள், அதனால் உள்சுழல் ஒரு முறை முடிய 500 மைக்ரோ செகண்ட், மொத்தம் சுமார் 126 மில்லி செகண்ட் ஆகும். நொடிக்கு எட்டு விளக்கு, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் ஒன்று, டிலேக்குள் அக்யுமுலேட்டர் என்ற முக்கிய ரிஜிஸ்டரைத் தொடாதீர்கள், விளக்கின் வரிசை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எல்இடி எரிய ஏன் 0 அனுப்ப வேண்டும்?

பதில்: 8051-இன் போர்ட் பின் (pin) 1 என்ற நிலையில் இருக்கும்போது மிகக் குறைந்த மின்னோட்டமே தரும், 0-இல் இருக்கும்போது நன்றாக உள்வாங்கும். அதனால் எல்இடியை 5 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாகப் பின்னுக்குக் கொண்டுவந்து, 11111110 என்று தொடங்குங்கள்.