வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான். த்ரீ ஃபேஸ் மரவேலை மெஷின்களை ஓட்ட எந்த ஃபேஸ் கன்வெர்ட்டர் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம் இது: மூடப்போகும் மரப்பட்டறை ஒன்றிலிருந்து மூன்று மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 1 எச்.பி. கடைசல் மெஷின், 2 எச்.பி. பேண்ட் சா (பட்டை ரம்பம்), 5 எச்.பி. திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் மெஷின்). மூன்றும் த்ரீ ஃபேஸ். கோவைக்கு வெளியே இருக்கும் உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். ஒரே கன்வெர்ட்டர் வாங்கி மூன்றையும் ஓட்டலாமா என்பது கேள்வி.

கடைசலுக்கும் பேண்ட் சாவுக்கும் ஆளுக்கொரு வி.எஃப்.டி. போடுங்கள். சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகத் தந்து, மோட்டாரின் வேகத்தையும் மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி அது; டிரைவ் என்றும் சொல்வார்கள். பிளேனரை வாங்குங்கள், ஆனால் அதன் 5 எச்.பி. மோட்டாரை வீட்டில் ஓட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏன் என்பது மோட்டாரின் நேம் பிளேட்டில் இருக்கிறது. பலரும் எச்.பி.யை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். நம் வேலைக்கு அதைவிட முக்கியம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டார் என்று போட்டிருக்கிறதா, டெல்டா என்று போட்டிருக்கிறதா என்பதுதான். மோட்டாருக்குள் இருக்கும் மூன்று காயில்களை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு விதங்கள் இவை.

நம் நாட்டு மோட்டார்களில் பெரும்பாலும் 2 எச்.பி. வரை 415 வோல்ட் ஸ்டார், 3 எச்.பி.யிலிருந்து 415 வோல்ட் டெல்டா. ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் உண்மையில் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே மோட்டாரை டெல்டாவாக மாற்றிவிட்டால் 230 வோல்ட் த்ரீ ஃபேஸில் முழு பலத்தோடு ஓடும். சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. வெளியே தருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. டெல்டாவில் கட்டிய 5 எச்.பி.க்கு இந்த வழி கிடையாது. அதன் காயில் ஒவ்வொன்றும் 415 வோல்ட்டுக்குக் கட்டியது. 230 கொடுத்தால் சுற்றும், மரத்தை உள்ளே விட்டதும் திணறும்.

டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு போல்ட்டு இருக்கும். ஒரே வரிசையில் மூன்றையும் பித்தளைப் பட்டை சேர்த்திருந்தால் ஸ்டார். அந்தப் பட்டையைக் கழற்றி மேலும் கீழுமாக மூன்று ஜோடி போட்டால் டெல்டா. ஐந்து நிமிட வேலை. பழைய மோட்டாரில் ஒரு சிக்கல் வரும். பெட்டிக்குள் மூன்றே வயர் இருக்கும், ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு வார்னிஷ் ஊற்றியிருப்பார்கள். எனக்கு வந்த பேண்ட் சா அப்படித்தான். வைண்டிங் கடை அண்ணன் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, காயில் நல்லாத்தான் இருக்கு, முழுசா கட்ட வேண்டாம். ஸ்டார் பாயிண்டை மட்டும் பிரிச்சு மூணு லீடு வெளியே எடுத்துத் தர்றேன்” என்றார். பழைய கட்டு நூலை அறுத்து, முடிச்சைப் பிரித்து, ஸ்லீவ் போட்டு ஆறு வயராக வெளியே எடுத்தார். புதிதாகக் காயில் கட்டும் செலவில் சின்னப் பங்குதான் ஆனது. நீங்களும் மெஷினை விலை பேசுவதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட “ஃபேஸ் கன்வெர்ட்டர்” விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் மோட்டார் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் தோட்டத்துக்குத் தரும் கண்டென்சர் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். விவசாய லைனில் மூன்று ஃபேஸில் ஒன்று இல்லாத நேரத்திலும் கிணற்று மோட்டாரை ஓட்டுவதற்காக வந்தது அது. அங்கே இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கும், அதனால் மோட்டார் இழுக்கும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸும் நியூட்ரலும், 230 வோல்ட். அந்தப் பெட்டி இங்கே உதவாது. அது நல்ல பழக்கமா என்பது வேறு கதை, டிரான்ஸ்ஃபார்மர்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மோட்டாரை 230 டெல்டாவுக்கு மாற்றி, வீட்டு கரண்டிலேயே கண்டென்சர் போட்டு ஓட்டுவதும் உண்டு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது கணக்கு. இந்த அளவு ஏதாவது ஒரு லோடில்தான் சரியாக இருக்கும். சும்மா ஓடும்போது முனகிக்கொண்டே சூடாகும், லோடு ஏறினால் பலம் குறையும், ஸ்டார்ட்டிங் இழுவையும் பாதியைவிடக் குறைவு. கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் ஓகே. பேண்ட் சாவின் வார்ப்பிரும்புச் சக்கரம் இரண்டையும் நின்ற நிலையிலிருந்து கிளப்ப இது போதாது.

ரோட்டரி கன்வெர்ட்டர் என்பது ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டாரை லோடு இல்லாமல் சுற்றவிட்டு, அதிலிருந்து மூன்றாவது ஃபேஸை எடுப்பது. அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்காரர்கள் இதை விரும்பிப் போடுகிறார்கள். அங்கே வீட்டுக்கே 240 வோல்ட் வருகிறது, பல மெஷின் மோட்டார்களும் 230 வோல்ட்டில் ஓடும்படி வருகின்றன. ஒரே கன்வெர்ட்டரில் பல மெஷின் ஓட்டலாம் என்ற உங்கள் ஆசைக்கு நிஜமாகவே பொருந்துவது இதுதான். ஆனால் இங்கே 415 வேண்டுமென்றால் முன்னால் ஒரு ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், லோடு இல்லாமல் சுற்றும் அந்த ஐட்லர் மோட்டாரும் ஓட்டப்போகும் பெரிய மோட்டாரைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பிளேனர் போன்ற கனமான மெஷினுக்கு அதற்கும் மேல். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஒரு 7.5 எச்.பி. மோட்டார் இரைந்துகொண்டே இருப்பதை வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே வி.எஃப்.டி. கடையில் “சிங்கிள் ஃபேஸ் 230 இன், த்ரீ ஃபேஸ் 230 அவுட்” என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். 415 வோல்ட் டிரைவை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். 230 கொடுத்தால் அது அண்டர் வோல்டேஜ் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். டிரைவின் அளவை எச்.பி. பார்த்து எடுக்காமல் ஆம்பியர் பார்த்து எடுங்கள். 2 எச்.பி. மோட்டார் ஸ்டாரில் சுமார் 3.5 ஆம்பியர், டெல்டாவில் சுமார் 6 ஆம்பியர். இந்த 6-ஐத் தாங்கும் டிரைவ் வேண்டும். மோட்டார் கரண்ட் என்று டிரைவில் பதிய வேண்டியதும் இந்த எண்தான், பழைய 3.5 அல்ல. உள்ளே வரும் லைனில் முழு லோடில் 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஏ.சி. பிளக்கில் சொருகாமல் டி.பி.யிலிருந்து (வீட்டு ஃபியூஸ், எம்.சி.பி. இருக்கும் பெட்டி) தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து, தனி எம்.சி.பி. போடுங்கள்.

மெஷினில் இருக்கும் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த ஸ்விட்சும் இருக்கக் கூடாது. ஓடும்போது அங்கே கரண்டைத் துண்டித்தால் டிரைவ் போய்விடலாம். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்கள் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் ஒரு சாதாரண ஆன் ஆஃப் ஸ்விட்சை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய பழைய ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் அதற்குள் பிடித்திருக்கும் காயில் விட்டுவிடும், திரும்ப வந்தாலும் மெஷின் தானாகக் கிளம்பாது. ஆன் ஆஃப் ஸ்விட்ச் போட்டால், அது ஆனிலேயே இருக்கும்போது கரண்ட் வந்ததும் பல டிரைவ்கள் மெஷினைக் கிளப்பிவிடும். நம் ஊர் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் நீங்கள் பிளேடைக் கையில் பிடித்து மாற்றிக்கொண்டிருக்கலாம். தொட்டு விடும் பட்டன் இரண்டு வைத்து மூன்று வயர் கன்ட்ரோலாகக் கட்டச் சொல்லுங்கள். டிரைவில் அதற்கு பாராமீட்டர் உண்டு. எமர்ஜென்சி ஸ்டாப்பும் அதே கன்ட்ரோல் பக்கம்தான். பிளேடு மாற்றும்போது மட்டும் மெயினையே இறக்கிவிடுங்கள்.

பேண்ட் சாவுக்கு வேகம் ஏறும் நேரத்தை எட்டுப் பத்து வினாடி வையுங்கள், விளக்கு மங்காமல் சக்கரம் மெதுவாகக் கிளம்பும். நிறுத்தும்போது அவசரப்பட்டால் சக்கரத்தின் வேகம் கரண்டாகத் திரும்பி வந்து டிரைவ் ஓவர் வோல்டேஜில் டிரிப் ஆகும். தானாகச் சுற்றி நிற்கும்படி வைத்துவிடுவது எளிது. உடனே நிற்க வேண்டுமென்றால் பிரேக் ரெசிஸ்டர் போட வேண்டும். கடைசலில்தான் டிரைவின் அருமை தெரியும். பெல்ட் மாற்றாமலே திருகு குமிழில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ரொம்பக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் ஃபேனும் மெதுவாகிச் சூடேறும், அதற்கு பெல்ட்டையே மாற்றிக்கொள்ளுங்கள். மரத்தைக் கவ்வும் சக் மரையில் ஏறுவது என்றால் ரிவர்ஸை லாக் செய்துவிடுங்கள், பின்பக்கம் சுற்றினால் சக் கழன்று பறக்கும்.

மரத்தூள் டிரைவுக்குச் சத்துரு. அதன் அடியில் இருக்கும் சின்ன ஃபேன் தூளை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும். மெஷினிலிருந்து தள்ளி, சுவரில் ஃபில்டர் வைத்த இரும்புப் பெட்டிக்குள் மாட்டுங்கள். சுத்தம் செய்யத் திறக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுங்கள், உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் டிரைவ் போட்டதும் அடிக்கடி விழலாம், டிரைவின் ஃபில்டரிலிருந்து எர்த்துக்குக் கசியும் கரண்டுதான் காரணம். அதற்காக எர்த்தைக் கழற்றிவிடும் புத்திசாலிகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டிரைவ் லைனுக்கு ஏற்ற ஆர்.சி.சி.பி. எது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடுங்கள்.

இனி பிளேனர். 5 எச்.பி. முழு லோடில் ஓட உள்ளே நாலரை கிலோவாட்டுக்குப் பக்கம் வேண்டும், டிரைவ் வழியாக சிங்கிள் ஃபேஸில் எடுத்தால் 30 ஆம்பியருக்குப் பக்கமோ அதற்கு மேலோ போகும். 230 வாங்கி 415 தரும் டிரைவும் கிடைக்கிறது. ஆனால் அதுவும் இதே கரண்டைத்தான் இழுக்கும். நான் செய்வது இது: 5 எச்.பி. மோட்டாரைப் பழைய மோட்டார் கடையில் கொடுத்துவிட்டு, 3 எச்.பி. மோட்டார் ஒன்றை 230 டெல்டாவுக்குக் காயில் கட்டச் சொல்லி வாங்கி, 2.2 கிலோவாட் டிரைவ் போடுவேன். 4 போல் மோட்டாரில் 3 எச்.பி.க்கும் 5 எச்.பி.க்கும் ஷாஃப்ட் 28 மி.மீ.தான், புல்லி அப்படியே ஏறும். ஷாஃப்ட்டின் சென்டர் 12 மி.மீ. தாழும், அடியில் பட்டை கொடுத்து காலுக்குப் புது ஓட்டை போட்டால் முடிந்தது. ஒரு தடவைக்கு 3 மி.மீ. இழைத்த இடத்தில் ஒன்றரை மி.மீ.யாக இழையுங்கள். வீட்டு வேலைக்கு அது போதும். பிளேனர் ஓடும்போது தூசி உறிஞ்சும் மெஷினும் கூடவே ஓடும் என்பதை லோடு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை எல்லாரும் மறக்கிறார்கள்.

மூன்றையும் வைத்து ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால், இதுவரை சொன்ன எதையும் வாங்காதீர்கள். மின்வாரியத்தில் த்ரீ ஃபேஸ் சர்வீஸுக்கே விண்ணப்பியுங்கள். வீட்டு டேரிஃபில் தொழில் செய்து பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள், பழைய மாதங்களுக்கும் சேர்த்து. ஆர்டர் எதுவும் இல்லாமல் ஆசைக்கு ஓட்டுகிறீர்கள் என்றாலும், லோடு கூட்டி வீட்டு சர்வீஸையே த்ரீ ஃபேஸாக மாற்ற என்ன ஆகும் என்று ஈ.பி. ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். கம்பம் பக்கத்தில் இருந்து, த்ரீ ஃபேஸ் லைன் தெருவிலேயே போனால், இரண்டு டிரைவும் ஒரு மோட்டாரும் வாங்கும் காசில் அதுவே முடிந்துவிடலாம்.

மூன்று மோட்டாரின் நேம் பிளேட்டையும் டெர்மினல் பெட்டியின் உட்புறத்தையும் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.